பத்திரம் முடியும் முன்பே அண்ணனுக்கு நாலு லட்சமா?

கேள்வி: ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை. கைக்கு வரும் சம்பளம் 54,000 ரூபாய். வேலூர் வேலப்பாடியில் நாற்பது வருடப் பழைய வீட்டை 30 லட்சத்துக்குப் பேசி, 3 லட்சம் கொடுத்து அக்ரிமெண்ட் போட்டிருக்கிறேன். முன்பகுதி மெட்ராஸ் டெரஸ் (மரச்சட்டத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் போட்ட பழைய தளம்), பின்னால் சமையலறையும் ஓர் அறையும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். வங்கி 22 லட்சம் தர ஒப்புக்கொண்டது. மீதிக்கும் பத்திரச் செலவுக்கும் சேமிப்பு சரியாக இருக்கும். சீரமைப்பு வேலை மேஸ்திரியான என் பெரியப்பா மகனிடம். அவர் கேட்டபோது இரண்டு முறை மொபைல் ஆப்பில் பர்சனல் லோன் போட்டு (2.5 லட்சம் மூன்று வருடத்துக்கு, 1.5 லட்சம் இரண்டு வருடத்துக்கு) 4 லட்சம் கொடுத்தேன். இன்னும் 4 லட்சம் கேட்கிறார். பழைய ஷீட்டை வெட்டி பாத்ரூமுக்கும் வண்டி ஷெட்டுக்கும் போட்டால் செலவு மிச்சம் என்கிறார். ஷீட் ஆபத்து என்று மனைவி பயப்படுகிறாள். குழந்தைகள் இருவர். என்ன செய்யலாம்?

பதில்: உங்களுக்குத் தவணைக் கணக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அதை உங்கள் வீட்டுக்குப் போட்டுப் பார்க்கவில்லை. வீட்டுக் கடன் 22 லட்சத்துக்கு, 8.5 சதவீதம், 20 வருடம் என்றால் மாதம் சுமார் 19,100. ஆப் கடன்கள், 2.5 லட்சம் மூன்று வருடத்துக்கும் 1.5 லட்சம் இரண்டு வருடத்துக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். 15, 16 சதவீத வட்டியில் இரண்டும் சேர்ந்து 16,000. ஆக 35,000 போய்விடும். மூன்றாவதாக 4 லட்சம் எடுத்தால் அதற்கு இன்னொரு 13,900. நான்கு பேர் குடும்பத்துக்கு மிஞ்சுவது 5,000 ரூபாய்.

அதைவிடக் கவலையான விஷயம் ஒன்று. வங்கி ஒப்புதல் தந்தது இந்த ஆப் கடன்களுக்கு முன்பா, பின்பா? முன்பு என்றால், பணம் விடுவிக்கும் நேரத்தில் உங்கள் கடன் விவரமெல்லாம் இருக்கும் சிபில் அறிக்கையை மறுபடி பார்த்துத் தொகையைக் குறைக்கலாம். குறைத்தால் பத்திரம் நின்றுபோகும், கொடுத்த 3 லட்சம் அட்வான்ஸுக்கும் ஆபத்து. இன்றே வங்கிக்குப் போய் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். மூன்றாவது கடன் வேண்டவே வேண்டாம்.

வீடு இன்னும் உங்கள் பெயருக்கே வரவில்லை. அதற்குள் எஸ்டிமேட் இல்லாமல், பில் இல்லாமல், கேட்டதும் கடன் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். அண்ணனிடம் கணக்குக் கேட்கக் கூச்சம், புரிகிறது. அப்படியானால் வங்கியைக் காரணம் காட்டுங்கள். பிறகு சீரமைப்புக் கடன் என்று தனியாக வாங்கினால் வங்கி இன்ஜினியர் எஸ்டிமேட் கேட்கும், வேலை முடிய முடியத்தான் பணம் விடும். "அண்ணா, இனி பேங்க் ரூல்படிதான். வாங்கி வைத்த கம்பி, சிமெண்டுக்கு பில் கொடு, முதல் கட்டத்தில் கழித்துக்கொள்ளலாம்" என்று சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் கொஞ்ச நாளில் சரியாகிவிடும்.

இப்போது ஷீட். உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. பல நாடுகள் தடை செய்த சரக்கு நம் ஊர்க் கடையில் இன்னும் கிடைப்பதால் அது பாதுகாப்பானது என்று ஆகாது. உடையாமல் கிடக்கும் ஷீட்டால் ஆபத்து குறைவு. கிரைண்டர் வைத்து அறுக்கும்போதும், துளை போடும்போதும், சுத்தியலால் உடைக்கும்போதும்தான் கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் கலக்கிறது. நோய் வெளியே தெரிய இருபது, முப்பது வருடம்கூட ஆகலாம். பாத்ரூம் கூரையில் மிச்சமாகும் சில ஆயிரம் ரூபாய்க்காக உங்கள் பிள்ளைகளையும், அறுக்கிற உங்கள் அண்ணனையும் அந்தத் தூசியில் நிறுத்தாதீர்கள். உடைத்த துண்டைத் தரைக்கு அடியில் நிரப்புவதும் கூடாது.

பழைய ஷீட்டின் மேலேயே 'கூலிங் ஷீட்' அடிக்கும் விளம்பரம் இப்போது நிறைய வருகிறது. அதற்கும் பழைய ஷீட்டைத் துளைத்துத்தான் திருகாணி போடுவார்கள். வட்டியில்லாத் தவணை என்றாலும் தொடாதீர்கள்.

ஆகவே இப்போதைக்குக் கூரையை அப்படியே விடுங்கள். நம் ஊர் வெயிலுக்குப் பின் அறையில் படுக்க முடியாது, எல்லாரும் முன்பக்கம் படுத்துக்கொள்ளுங்கள். விரிசல் விட்ட ஷீட் இருந்தால் அதை மட்டும் குடிவரும் முன்பே மாற்றுங்கள். தண்ணீர் தெளித்து, போல்ட்டைக் கழற்றி, முழுசாக இறக்கி, கனமான பாலித்தீனில் சுற்ற வேண்டும். வேலை செய்பவருக்கு பி-100 அல்லது எஃப்எஃப்பி-3 வகை முகக்கவசம் வேண்டும், என்-95 போட்டாலும் துண்டு கட்டினாலும் போதாது. விழுந்த தூசியை ஈரத்துணியால் துடைக்க வேண்டும், பெருக்கக் கூடாது. எங்கே ஒப்படைப்பது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள், பாலாற்றில் கொட்டிவிட்டு வராதீர்கள். பின்னால் முழுக் கூரையையும் இதே முறையில் எடுக்க என்ன ஆகும் என்று இப்போதே எழுதி வாங்கி, பத்திரத்துக்கு முன் வீட்டுக்காரரிடம் விலையைக் குறைக்கச் சொல்லிப் பாருங்கள். முழுதும் குறையாவிட்டாலும் கொஞ்சமாவது இறங்குவார்.

இரண்டு வருடத்தில் அந்த 1.5 லட்சக் கடன் முடியும்போது மாதம் 7,300 ரூபாய் கையில் நிற்கும். 5 லட்சம் சீரமைப்புக் கடன், 9 சதவீதம், 10 வருடம் என்றால் தவணை சுமார் 6,300. பின்பக்கத்துக்கு கான்கிரீட் கூரை அப்போது போடுங்கள். மாறும் வட்டியில் வாங்கினால், போனஸ் வரும்போது முன்கூட்டியே கட்டுவதற்கு வங்கி அபராதம் கேட்க முடியாது.