சூப்பர் இன்டெலிஜென்ஸ் வரப்போகுது, நான் எதுக்கு படிக்கணும்னு கேக்கற பொண்ணோட அம்மாவுக்கு

அம்மா, உங்க மெசேஜ ரெண்டு தடவ படிச்சேன். மனுஷன விட புத்திசாலி மிஷின் வரப்போகுது, இனிமே கணக்கு எதுக்குன்னு பொண்ணு புக்கையே தொட மாட்டேங்கறான்னு எழுதியிருந்தீங்க. திட்டாதீங்க, அவ கேக்கறது அசட்டுக் கேள்வி இல்ல.

ஆனா தேதிய நம்பி படிப்ப விடக்கூடாது. 2016ல ஜெஃப்ரி ஹின்டன்னு ஒரு ஏஐ விஞ்ஞானி, ஸ்கேன் பாக்கற ரேடியாலஜிஸ்டுகளுக்கு ட்ரெயினிங் குடுக்கறத இப்பவே நிறுத்திடலாம், 5 வருஷம், மிஞ்சிப்போனா 10 வருஷத்துல மிஷின் அவங்கள விட நல்லா பாத்துடும்னு சொன்னாரு. சொன்னவரு சாதாரண ஆளில்ல, 2024ல நோபல் வாங்கினவரு. ஆனா ரேடியாலஜிஸ்டுங்க வேலை போகல, மிஷினையும் கூட வச்சுக்கிட்டு பாத்துட்டுதான் இருக்காங்க. ஏஐ ஆராய்ச்சியாளர்கள்கிட்ட எடுத்த ஒரு சர்வேல, எல்லா வேலையிலயும் மிஷின் மனுஷன மிஞ்ச பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள வருஷம் 2060னு 2022ல வந்துச்சு, அடுத்த வருஷமே 2047ன்னு ஆயிடுச்சு, ஒரே வருஷத்துல 13 வருஷம் நகர்ற தேதிய வச்சு யாராச்சும் பரீட்சைய விடுவாங்களா?

அதுக்காக பயமே வேணாம்னு நான் சொல்லல. அதே ஹின்டன்தான் ஆபத்த பத்தி வாய்விட்டு பேசணும்னு 2023ல கூகுள விட்டு வெளிய வந்தாரு. 1965லயே ஐ.ஜே.குட்னு ஒரு கணித மேதை, அப்படி ஒரு மிஷின் வந்தா மனுஷன் செய்யவேண்டிய கடைசி கண்டுபிடிப்பு அதுதான்னு எழுதினாரு, இத எடுத்து சொல்றவங்க எல்லாரும் இதோட நிறுத்திடுவாங்க, ஆனா அவரு கூடவே ஒரு நிபந்தனை போட்டிருந்தாரு, தன்னை எப்படி கட்டுப்பாட்டுல வச்சுக்கறதுன்னு நமக்கு சொல்லித்தர்ற அளவுக்கு அது சாதுவா 'இருந்தா' மட்டும்தான்னு. அந்த 'இருந்தா'தான் இன்னிக்கு ஒரு தனி துறை, மிஷின் மனுஷன் விரும்பறபடி நடக்க வைக்கறது எப்படின்னு பாக்கறது, அலைன்மென்ட்னு பேரு. அதுக்கு கணக்கும் ப்ரோக்ராமிங்கும் தெரிஞ்சவங்க வேணும், சட்டம், தத்துவம் படிச்சவங்களுக்கும் இடம் இருக்கு. உங்க பொண்ணு பயப்படற விஷயமே அவளுக்கு வேலையாகலாம்.

ஆறு மாசத்துல ஏஐ எக்ஸ்பர்ட் ஆக்கறோம்னு வர்ற கோர்ஸுக்கு மட்டும் பணம் கட்டாதீங்க, அதுல சொல்லித்தர்ற டூல் கோர்ஸ் முடியறதுக்குள்ள பழசாயிடும்.

போன மாசம் ஒரு பையன் இன்டெக்ரேஷன் கணக்க ஏஐகிட்ட போட்டு எடுத்துட்டு வந்தான். சரியான்னு எப்படி தெரியும்னு கேட்டா முழிக்கறான். விடைய திருப்பி டிஃபரென்ஷியேட் பண்ணு, பழைய கணக்கே வரணும்னேன், பண்ணினப்பதான் ஒரு மைனஸ் காணாம போனது தெரிஞ்சுது. உங்க பொண்ணையும் அடுத்த தடவ ஏஐ போட்ட ஒரு கணக்கோட வரச்சொல்லுங்க, அது சரியா தப்பான்னு அவளே பென்சில்ல போட்டு பாத்துட்டு வரட்டும், அங்கேர்ந்து பேச ஆரம்பிப்போம்.