தபாலில் போட்ட பிறகு திருத்தலாமா?

கேள்வி: பாரிஸில் இருக்கும் என் பெறாமகன் விடுமுறைக்கு வந்தபோது, டின்டின் படக்கதையான 'கறுப்புத் தீவு' பிரெஞ்சுப் புத்தகத்தைக் கொண்டுவந்தான். 1943 பதிப்பை அப்படியே படியெடுத்து மறுபடி போட்டிருக்கிறார்களாம். என்னிடம் இருக்கும் ஆங்கிலப் புத்தகத்தோடு பக்கத்துக்குப் பக்கம் வைத்துப் பார்த்தேன். விமானங்கள் வேறு. ரயில் பெட்டியில் எழுதியிருக்கும் விஸ்கியின் பெயர்கூட வேறு. அச்சில் வந்ததைப் பிறகு மாற்றுவது, காசு கொடுத்து வாங்கிய வாசகரை ஏமாற்றும் வேலை இல்லையா? உங்கள் சஞ்சிகையும் இதையே செய்கிறது. பழைய தொடரைப் புத்தகமாகப் போட்டபோது படங்களை மாற்றியிருக்கிறீர்கள். நான் கவனிக்கவில்லை என்று நினைக்கவேண்டாம்.
– ஒரு வாசகர், வெள்ளவத்தை

பதில்: உங்கள் கடிதத்தின் முதல் பக்கத்தில் மட்டும் மூன்று இடங்களில் வெள்ளை மை பூசி, காய்ந்த பிறகு மேலே எழுதியிருக்கிறீர்கள். 'ஏமாற்றும் வேலை' என்பதற்குக் கீழே முதலில் 'மோசடி' என்று இருந்தது, வெளிச்சத்தில் பிடித்தால் தெரிகிறது. நல்ல திருத்தம், நன்றி. அது தபாலில் போடுவதற்கு முன் செய்தது என்பீர்கள். சரி, அந்த வித்தியாசத்தைத்தான் பேசவேண்டும்.

முதலில் 'கறுப்புத் தீவு'. டின்டினைப் படைத்த பெல்ஜிய ஓவியர் ஹெர்ஜே அதை 1937–38இல் தொடராக வரைந்தார். நிறத்தோடு வந்தது 1943இல். 60களின் தொடக்கத்தில் லண்டன் பதிப்பகமான மெதுவன் ஆங்கிலத்தில் போட முன்வந்தபோது, 'பிரித்தானியா இப்படி இருக்காது' என்று 131 பிழைகளைப் பட்டியல் போட்டு அனுப்பியது. ஹெர்ஜே தன் உதவியாளர் பாப் தெ மோரை 1961இல் அங்கே அனுப்பிக் குறிப்பெடுக்க வைத்தார். விமானங்களைப் புதிதாக வரைந்தவர் ரோஜே லெலூப். 'ஜானி வாக்கர்' என்றிருந்த விஸ்கி 'லொக் லொமண்ட்' ஆனது. எல்லாம் முடிந்து வெளிவந்தது 1966இல். ஆங்கிலத்தில் அந்தக் கதை முதன்முதலாக வந்ததே இந்த வடிவத்தில்தான். ஆகவே உங்கள் கையில் இருந்த புத்தகத்தை யாரும் இரவோடிரவாக மாற்றவில்லை. பழையது ஒன்று இருந்தது என்பதைத்தான் உங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

131 பிழைகளைத் திருத்தியதால் கதை நன்றாக வந்ததா என்று கேட்டால், இல்லை என்பேன். கள்ளநோட்டு அடிக்கும் கும்பல், பாழடைந்த கோட்டை, அதற்குள் ஒரு கொரில்லா. முப்பதுகளின் கதை அது, அதன் மூச்சும் ஓட்டமும் முப்பதுகளுக்கு உரியவை. தாத்தாவின் கலியாணப் படத்தில் அவருக்குப் புதுச் சட்டை வரைந்துவிட்டால் முகம் இளமையாகிவிடுமா? பதிப்பகத்தார் கதையைச் சோதனை விடைத்தாள் என்று நினைத்துச் சிவப்பு மையால் கோடு போட்டார்கள், ஆசிரியரும் நல்ல பிள்ளையாகத் திருத்திக் கொடுத்தார். இந்த அளவில் உங்கள் எரிச்சலோடு எனக்கு உடன்பாடு.

ஆனால் இதே ஹெர்ஜேயின் 'கொங்கோவில் டின்டின்' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1931இல் கறுப்பு வெள்ளைப் புத்தகமாக வந்தது. அதில் டின்டின் கொங்கோச் சிறுவர்களின் வகுப்பில் நின்றுகொண்டு, 'உங்கள் நாடான பெல்ஜியத்தைப் பற்றி' பாடம் எடுக்கத் தொடங்குவான். அடிமைப்பட்டுக் கிடந்த பிள்ளைகளிடம், ஆள்கிறவனின் நாடுதான் உன் நாடு என்று சொல்லும் பாடம். நம் தாத்தாமாரும் இந்தத் தீவில் அப்படிப்பட்ட பாடம் படித்தவர்கள்தான். 1946இல் நிறப் பதிப்பு வந்தபோது அந்தப் பாடம் கூட்டல் கணக்காக மாறியது. 110 பக்கம் 62 பக்கமாகச் சுருங்கியது. 62 ஏன் என்றால், அச்சுத் தாளை மடித்தால் ஒரு மடிப்புக்கு 16 பக்கம், நான்கு மடிப்புக்கு 64, அதில் தலைப்புக்கு இரண்டு போய்விடும். போர்க்காலக் கடதாசித் தட்டுப்பாட்டில் பதிப்பகம் போட்ட அந்த அளவே பிறகு டின்டினுக்குச் சட்டமாகிவிட்டது. திருத்தத்தில் பாதி இப்படி அச்சகத்தில்தான் முடிவாகிறது. ஆசிரியரின் மனச்சாட்சியைத் தேடிப் போகிறவர்கள் முதலில் கடதாசிக் கணக்கைப் பார்க்கவேண்டும்.

1975இல் ஸ்கண்டினேவியப் பதிப்பாளர்கள் இன்னொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். உயிரோடு இருக்கும் காண்டாமிருகத்தின் முதுகில் டின்டின் துளை போட்டு, வெடி வைத்துத் தகர்க்கும் பக்கம். பிள்ளைகள் படிக்கிற புத்தகம், மாற்றித் தாருங்கள் என்றார்கள். ஹெர்ஜே அதை வேறாக வரைந்து கொடுத்தார், காண்டாமிருகம் உயிரோடு ஓடிப்போனது. அதற்காக அழ நான் தயாராக இல்லை. நீங்களும் அழமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

நாம் கோபப்பட வேண்டிய திருத்தம் வேறொன்று. ஜெர்மன் படையின் கீழ் பிரஸ்ஸல்ஸ் இருந்த 1941–42இல் வந்த கதை 'மர்ம நட்சத்திரம்'. அதன் வில்லன் நியூயார்க் பணமுதலை, பெயர் புளூமென்ஸ்டைன். யூதப் பெயர். நாஸி காலக் கேலிச்சித்திரங்களில் யூதர்களுக்குப் போடுகிற பெரிய மூக்கையே அவனுக்கும் ஹெர்ஜே போட்டிருந்தார். 1954இல் மறுபதிப்புக்குத் திருத்தத் தொடங்கியபோது, அமெரிக்காவை எடுத்துவிட்டு 'சாவோ ரிக்கோ' என்ற கற்பனை நாட்டைப் போட்டார். பெயரையும் பொல்வின்கல் என்று மாற்றினார். பிரஸ்ஸல்ஸ் பேச்சுவழக்கில் மிட்டாய்க் கடை என்று அர்த்தம் வரும் சொல், யாருக்கும் வலிக்காது என்று எண்ணியிருக்கிறார். அதுவும் யூதர்கள் வைத்துக்கொள்ளும் பெயர்தான் என்று பிறகு தெரியவந்தது! பெயர்ப்பலகையும் கொடியும் மாறின. மூக்கு அப்படியே இருக்கிறது, இன்றைக்கும். பேச்சுப் பலூனுக்குள் எழுத்தை மாற்றுவது அரை மணி நேர வேலை. முகத்தை மாற்றவேண்டுமானால் அந்த ஆள் வருகிற ஒவ்வொரு கட்டத்தையும் திரும்ப வரையவேண்டும், அதோடு ஏன் அப்படி வரைந்தோம் என்றும் யோசிக்கவேண்டி வரும்.

அப்புறம், 'ஆசிரியர் திருத்தினார்' என்கிறோமே, எந்த ஆசிரியர்? படக்கதையில் எழுதுகிறவர் ஒருவர், வரைகிறவர் ஒருவர், நிறம் தீட்டுகிறவர் இன்னொருவர் என்று இருப்பதுண்டு. பேட்மேனின் 'தி கில்லிங் ஜோக்' 1988இல் ஜான் ஹிக்கின்ஸ் தீட்டிய ஊதா, மஞ்சள், பச்சையோடு கண்ணைப் பறித்தது. 2008இல் ஓவியர் பிரையன் பொலண்ட் தானே உட்கார்ந்து முழுப் புத்தகத்துக்கும் அடங்கிய நிறம் தீட்டினார், பேட்மேனின் மார்பில் இருந்த மஞ்சள் வட்டத்தையும் எடுத்துவிட்டார். கோடுகள் அவருடையவை, சரி. ஆனால் இருபது வருஷம் மக்கள் மனதில் பதிந்திருந்த நிறம் இன்னொருவரின் கைவேலை. ஓவியர் தன் படத்தைத் திருத்தினார் என்பதா, தோழரின் பங்கை அழித்தார் என்பதா? எனக்குப் பிடித்தது புதிய நிறம்தான், ஆனாலும் இந்தக் கேள்வி தொந்தரவு செய்கிறது.

நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். உங்கள் கண் கூர்மையானது, ஒப்புக்கொள்கிறேன். 90களில் நாங்கள் வெளியிட்ட தொடரில் பையன் காலி வீதியில் ஒரு தொலைபேசிக் கடைக்குள் ஓடி அம்மாவுக்குப் பேசுவான். கடைக்காரர் தந்த மீதிக் காசில் காலிமுகத் திடலில் இஸ்ஸோ வடை (இறால் வடை) வாங்குவான். புத்தகமாகப் போடும்போது, இந்தக் காலத்துப் பிள்ளைக்குத் தொலைபேசிக் கடை விளங்காது என்று சொல்லி அவன் கையில் ஒரு கைத்தொலைபேசியைக் கொடுக்க வைத்தவன் நான்தான். ஓவியருக்கு மனமில்லை. என் நச்சரிப்புக்காக அந்த இரண்டு கட்டங்களை மட்டும் மாற்றித் தந்தார். விளைவு என்ன? அடுத்த பக்கத்தில் பையன் உள்ளங்கையை விரித்துச் சில்லறை எண்ணுகிறான். அது எங்கிருந்து வந்தது? கடையும் இல்லை, கடைக்காரரும் இல்லை. படித்த பிள்ளைகளில் ஒருத்தி, 'களவெடுத்தானா?' என்று கேட்டு எழுதியிருந்தாள்.

இன்னொன்றும் இருக்கிறது. அதே பக்கத்தில் பையனுக்குப் பின்னால் திடலுக்கு வடக்கே வெறும் கடல். 2014இல் தொடங்கி 269 ஹெக்டேர் கடலை நிரப்பித் துறைமுக நகரம் எழுப்பியிருக்கிறார்கள், கைத்தொலைபேசி வைத்திருக்கும் பையனுக்குப் பின்னால் அதுதான் தெரியவேண்டும். அதையும் வரையச் சொன்னேன். "கடலில் கை வைக்கமாட்டேன் அண்ணை, நான் பார்த்த கடல் அது" என்று ஓவியர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். அவர் சொன்னதுதான் சரி. நான் செய்யச் சொன்னது மெதுவன் பதிப்பகம் செய்த அதே சிவப்பு மை வேலை, அதுவும் 131 இல்லை, வெறும் இரண்டே கட்டம்.

ஆனால் நீங்கள் சொல்லும் 'ஏமாற்று' மாற்றியதில் இல்லை. மாற்றியதை எங்கேயும் சொல்லாமல் போட்டோம், அதுதான் பிழை. ஹெர்ஜே பக்கம் அந்தக் கணக்கு ஓரளவு நேராகிவிட்டது. கொங்கோவின் பழைய கறுப்பு வெள்ளைப் பக்கங்கள் 1973இல் ஒரு தொகுப்பில் அப்படியே திரும்ப வந்தன. 1930இல் புத்தகமான முதல் டின்டின் கதையை அவர் திருத்தவே இல்லை, அதே தொகுப்பில் பழைய கோலத்திலேயே போட்டார். உங்கள் பெறாமகன் கொண்டுவந்த புத்தகமும் அந்த வகைதான். பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால்தானே விஸ்கியின் பெயர்வரை உங்களால் பிடிக்க முடிந்தது? எங்கள் புத்தகத்தோடு அப்படி ஒத்துப்பார்க்க, பழைய இதழ்களைக் கட்டி வைத்திருக்கும் உங்களைப் போன்ற சிலரால்தான் முடியும்.

அடுத்த அச்சில் தொலைபேசிக் கடை திரும்ப வருகிறது, கடைக்காரரும் சில்லறையோடு வருகிறார். கைத்தொலைபேசிக் கட்டங்கள் இரண்டையும் கடைசிப் பக்கத்தில் போட்டு, எந்த வருஷம், யார் சொல்லி மாற்றியது என்று என் பெயரோடு எழுதுகிறோம். முதல் அச்சை வாங்கியவர்கள் புத்தகத்தோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தால் அந்தப் பக்கங்களைத் தனித் தாளாகத் தருவோம், காசு வேண்டாம். பெறாமகன் இன்னும் பாரிஸுக்குத் திரும்பவில்லை என்றால், வரும்போது அந்தக் 'கறுப்புத் தீவை'யும் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஓவியர் அந்த விமானங்களைப் பார்க்கவேண்டுமாம்.