சொல்லாமல் விட்ட புத்தகம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

எனக்கு 22 வயது. பன்னிரண்டு வயதிலிருந்து யங் அடல்ட் நாவல்கள்தான், அதாவது பதின்வயதினருக்காக எழுதப்படும் நாவல்கள்தான், என் வாசிப்பு. இப்போது எங்கே திரும்பினாலும் அதே ஐந்தாறு எழுத்தாளர்களின் பெயர்கள்தான் காதில் விழுகின்றன. அதிகம் பேசப்படாத நல்ல எழுத்தாளர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? வரப்போகும் புத்தகங்களில் நீங்கள் எதற்காகக் காத்திருக்கிறீர்கள்? ஒரு பத்துப் பெயராவது சொல்லுங்கள். நான் காத்திருக்கும் புத்தகங்களின் பட்டியல் 140ஐத் தாண்டிவிட்டது. இந்த வயதிலும் இதையா படிக்கிறாய் என்று தோழிகள் கிண்டல் செய்கிறார்கள், அது வேறு கவலை.

எனக்கென்று ஓர் எழுத்தாளர் இருக்கிறார். இரண்டு நாவல்கள் எழுதியிருக்கிறார். இரண்டையும் மும்மூன்று முறை படித்துவிட்டேன். யாருக்கும் அவரைத் தெரியாது. மூன்றாவது வருமா என்பதே சந்தேகம். பெயரைச் சொன்னால் எல்லோரும் படிக்க ஆரம்பித்துவிடுவார்கள், அப்புறம் அவர் என்னுடையவராக இருக்க மாட்டார். அதனால் இங்கேயும் சொல்லவில்லை.

ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியை மட்டும் நாலைந்து முறை படித்தேன். சில நாட்களாகவே மனதில் ஓடிக்கொண்டிருந்த ஒன்றை அது தொட்டுவிட்டது. அதற்கு வருகிறேன்.

முதலில் சின்ன விஷயங்கள். வயதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். 12 முதல் 18 வரை என்று நூலகர்கள் வைத்திருக்கும் வரம்பு, எந்தப் புத்தகத்தை எந்த அலமாரியில் அடுக்குவது என்பதற்காக. வாசலில் நின்று வயதைக் கேட்பதற்காக அல்ல. தோழிகளின் கிண்டலுக்கு என்னிடம் பதில் கிடையாது. அவர்கள் கையில் ஒரு நாவலைக் கொடுத்துப் பாருங்கள்.

அடுத்து அந்த 140. அதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. இன்னும் அச்சுக்கே போகாத, யாரும் படித்து நல்லது கெட்டது சொல்லாத 140 புத்தகங்களுக்காக ஒருவர் எப்படிக் காத்திருக்க முடியும்? நீங்கள் காத்திருப்பது அட்டைப்படத்துக்காகவும் நாலு வரி அறிமுகத்துக்காகவும். “அதிகம் எதிர்பார்க்கப்படும் நூல்கள்” என்று வரும் பட்டியல்களில் பெரும்பாலானவை பதிப்பகங்களின் அறிவிப்பையும் விளம்பரத்தையும் வைத்துத் தயாராகின்றன. எந்தப் புத்தகத்தின் பிரதிகள் வெளியீட்டுக்கு ஆறு மாதம் முன்பே விமர்சகர்களுக்குப் போகின்றனவோ, எதற்கு விளம்பரப் பணம் ஒதுக்கப்படுகிறதோ, அதுதான் எதிர்பார்க்கப்படும் நூல் ஆகிறது. முன்பதிவுகள் எல்லாம் சேர்ந்து வெளியான முதல் வாரத்து விற்பனையாகக் கணக்கில் ஏறுகின்றன. அதனால்தான் வெளியீட்டுக்கு முன்பே இத்தனை ஆரவாரம். ஒரே கடிதத்தில் பேசப்படாத எழுத்தாளரையும் கேட்கிறீர்கள், எல்லோரும் எதிர்பார்க்கும் புத்தகத்தையும் கேட்கிறீர்கள். இரண்டும் எதிரெதிர்த் திசைகள்.

காத்திருப்பதே தவறு என்று சொல்ல மாட்டேன். மேகன் வேலன் டர்னரின் ‘தி தீஃப்’ 1996இல் வந்தது. அந்த வரிசையின் ஆறாவதும் கடைசியுமான நாவல் வந்தது 2020இல். நடுவில் ஒரு புத்தகத்துக்கும் அடுத்ததற்கும் ஏழு வருட இடைவெளி. சிறையில் கிடக்கும் ஒரு திருடனை ஒரு கல்லைத் திருடித் தருவதற்காக வெளியே கொண்டுவருகிறார்கள், அவனே கதையைச் சொல்கிறான். ஆனால் முக்கியமான ஒன்றை நம்மிடமே மறைத்துவிடுகிறான். கடைசியில் அது தெரிந்ததும் முதல் பக்கத்துக்குப் போய்த் திரும்பப் படித்தால், ஏற்கெனவே படித்த வாக்கியங்களே வேறு பொருள் தருகின்றன. அந்த வாசகர்களில் பலர் பதினைந்து வயதில் படிக்கத் தொடங்கி நாற்பதை நெருங்கும்போது கடைசிப் பக்கத்துக்கு வந்திருப்பார்கள். அந்த 24 வருடமும் அவர்கள் கையில் படித்த புத்தகம் ஒன்று இருந்தது. உங்கள் 140இல் அப்படி எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

சரி, கடைசிப் பத்திக்கு வருகிறேன்.

எனக்குப் பதினைந்து வயதிருக்கும். நூலகத்தில் ஒரு நாவலை எடுத்தேன். அட்டை கிழிந்து, திரும்ப பைண்டிங் செய்யப்பட்ட புத்தகம். தடித்த பழுப்பு அட்டை, முதுகில் ஓர் எண் மட்டும். முதல் நாலைந்து தாள்களே இல்லை. பின்பக்கம் ஒட்டியிருந்த தேதிச் சீட்டில் ஊதா மையில் இரண்டே முத்திரைகள். இரண்டுக்கும் நடுவில் ஏழு வருடம். மூன்றாவது முத்திரை என்னுடையது.

ஆற்றைக் கடக்கும் படகு ஒன்றில் வேலை செய்யும் இரண்டு சகோதரர்களின் கதை. ஏதோ ஒரு காரணத்தால் மூத்தவன் இளையவனிடம் பேசுவதை நிறுத்திவிட்டான். காரணம் கடைசி அத்தியாயம் வரை சொல்லப்படுவதில்லை. ஆனால் ஒவ்வொரு இரவும் வேலை முடிந்து போகும்போது, காலையில் தம்பி அவிழ்க்க வேண்டிய கயிற்றை அவனுடைய கைக்கு வாகாக, இடதுபுறமாகச் சுருட்டி வைத்துவிட்டுப் போவான். தம்பி இடதுகைக்காரன். நூறு பக்கம் கழித்துத்தான் தம்பி அதைக் கவனிக்கிறான். அந்த இடத்தில் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு இருந்தது. எனக்கு முன்னால் படித்த இருவரில் யாரோ ஒருவர் போட்டது. அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் நண்பன் தினமும் கேட்பான், “என்ன படிக்கிறே?” நான் நோட்டுப் புத்தகத்தால் மூடிக்கொள்வேன். ஒன்றுமில்லை என்பேன். நீங்கள் எழுதியிருக்கும் அதே காரணம்தான். அந்தப் படகும் கயிறும் எனக்கும் அந்தப் பென்சில் கோட்டுக்காரருக்கும் மட்டும் சொந்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அவன் எதைக் கொடுத்தாலும் படிக்கிற பையன். கொடுத்திருந்தால் ஒரே வாரத்தில் முடித்துவிட்டு அடுத்தவனிடம் சொல்லியிருப்பான்.

ஐந்து வருடம் கழித்து அந்தப் புத்தகத்தைத் தேடிப் போனேன். அலமாரியில் இல்லை. பல வருடமாக யாரும் எடுக்காத புத்தகங்களை அவ்வப்போது கழித்துவிடுவோம் என்றார் நூலகர். என்ன புத்தகம் என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தலைப்புப் பக்கம் இல்லாத புத்தகம், முதுகில் இருந்த எண்ணும் மறந்துவிட்டது. யார் எழுதியது, வேறு என்ன எழுதினார், எதுவும் எனக்குத் தெரியாது. இன்று ஊரெல்லாம் கூட்டிச் சொல்ல ஆசைப்பட்டாலும் சொல்வதற்கு ஒரு பெயர் என்னிடம் இல்லை.

அதை அந்த நூலகத்தின் தவறாக நான் நினைக்கவில்லை. இடம் குறைவு, புதிய புத்தகங்கள் வந்துகொண்டே இருக்கும், யாரும் தொடாததை எடுத்துவிடுவது உலகம் முழுக்க நூலகங்களில் நடப்பதுதான். அவர்கள் பார்ப்பது தேதிச் சீட்டை. அதில் நாலாவது முத்திரை விழுந்திருக்க வேண்டும். விழாமல் போனதற்குக் காரணம் நான்.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். அண்டர்ரேட்டட், அதாவது தகுதிக்கேற்ற கவனம் கிடைக்காதது, என்ற சொல்லை எல்லோரும் அந்தப் புத்தகத்தின் குணம் மாதிரிப் பேசுகிறார்கள். அந்தப் புத்தகத்தை நேசித்தவர்கள் வாயைத் திறக்கவில்லை என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்குப் பல நேரம் பொருளே கிடையாது. உங்கள் எழுத்தாளரை யாருக்கும் தெரியாது என்று வருத்தப்படுகிறீர்கள், அடுத்த வரியிலேயே சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். இரண்டு நாவலையும் மும்மூன்று முறை படித்த ஒருவரே பேசவில்லை என்றால் வேறு யார் பேசுவார்கள்? மூன்றாவது நாவல் வருமா என்பதைப் பதிப்பகம் முதல் இரண்டின் விற்பனையைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். கடைக்காரர்களும் முந்தைய புத்தகம் எத்தனை பிரதி போனது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை வாங்கி வைப்பார்கள். நீங்கள் கட்டிக்காக்கும் இந்த ரகசியம் அவர் எழுதப்போகும் அடுத்த புத்தகத்தின் கழுத்தைத்தான் நெரிக்கிறது. கடுமையாகப் பேசுகிறேன் என்று தெரியும். என்னிடம் அன்றைக்கு யாரும் இப்படிக் கடுமையாகப் பேசவில்லை.

வாசகர்கள் பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். எஸ்.இ. ஹின்டன் ‘தி அவுட்சைடர்ஸ்’ நாவலைப் பள்ளியில் படிக்கும்போதே எழுதினார், 1967இல் வெளிவந்தது. 1980இல் கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் ஒரு பள்ளி நூலகர், இதைப் படமாக எடுங்கள் என்று இயக்குநர் ஃபிரான்சிஸ் ஃபோர்டு கொப்பலாவுக்குக் கடிதம் எழுதினார். கூடவே மாணவர்கள் கையெழுத்துப் போட்ட மனு ஒன்று, ஒரு பேப்பர்பேக் பிரதி. 1983இல் படம் வந்தது. அந்தப் பிள்ளைகளில் ஒருவராவது ‘இது எங்களுடைய புத்தகம், வெளியே சொல்லாதே’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்கள்.

அதே புத்தகம் அதற்கப்புறமும் அவர்களுடையதாகத்தான் இருந்திருக்கும். இந்த இடத்தில் நீங்கள் பயப்படுவது எனக்குப் புரிகிறது. பத்துப் பேர் படித்து அதில் மூன்று பேர் சுமார் என்று சொன்னால் வலிக்கும். உங்களுக்குப் பிடித்த வரியை வேறு யாரோ பெரிய எழுத்தில் போட்டுப் பகிர்ந்தால் எரிச்சலாக இருக்கும். ஆனால் நள்ளிரவில் முதன்முறை அந்தப் பக்கத்தைத் திருப்பியது நீங்கள்தானே, அதை யாரால் எடுத்துக்கொண்டு போக முடியும்?

எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருந்தீர்கள். ஒரு வழி சொல்கிறேன். சில்ட்ரன்ஸ் லிட்டரேச்சர் அசோசியேஷன் என்ற அமைப்பு 1985 முதல் ஃபீனிக்ஸ் விருது என்று ஒன்றைக் கொடுத்துவருகிறது. 20 ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலத்தில் வெளிவந்து, அந்தக் காலத்தில் பெரிய விருது எதுவும் பெறாத சிறார், இளையோர் நூலுக்கானது. முதல் விருது ரோஸ்மேரி சட்க்ளிஃப் 1965இல் எழுதிய ‘தி மார்க் ஆஃப் தி ஹார்ஸ் லார்டு’ நாவலுக்குப் போனது. டயானா வின் ஜோன்ஸ் 1986இல் எழுதிய ‘ஹவுல்ஸ் மூவிங் காஸில்’ 2006இல் அதைப் பெற்றது. விருதுக் குழு உட்காரும் நாள் வரை அந்தப் புத்தகங்களை யாரோ கைமாற்றிக் கைமாற்றி உயிரோடு வைத்திருந்தார்கள். அந்த விருதுப் பட்டியலை ஆரம்பத்திலிருந்து படித்துக்கொண்டு வாருங்கள். புதிய எழுத்தாளர்கள்தான் வேண்டும் என்றால் முதல் நாவல்களுக்கு 2009 முதல் கொடுக்கப்படும் வில்லியம் சி. மோரிஸ் விருதைப் பாருங்கள். வென்றவரை விட்டுவிட்டு இறுதிச் சுற்றில் நின்ற மற்றவர்களைத் தேடுங்கள், அவர்களுடைய மூன்றாவது புத்தகம் என்ன ஆனது என்று பாருங்கள்.

பத்துப் பெயர் தர மாட்டேன். டர்னரைச் சொல்லிவிட்டேன். இன்னும் ஒருவர், ஃபிரானி பில்லிங்ஸ்லி. 2011இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதுக்கான இறுதிப் பட்டியலில் அவருடைய ‘சைம்’ இருந்தது. தொலைபேசியில் பட்டியலைச் சொல்லும்போது காதில் தவறாக விழுந்து, அதே மாதிரி ஒலிக்கும் ‘ஷைன்’ என்ற வேறொரு நாவலை அறிவித்துவிட்டார்கள். அதை எழுதிய லாரன் மிராக்கிள் பிறகு விலகிக்கொள்ள வேண்டி வந்தது. அந்தக் குழப்பம் உலகம் முழுக்கச் செய்தியானது. செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேர் நாவலைப் படித்தார்கள்? தன்னைத் தூக்கிலிடும்படி ஒரு பெண் கேட்பதில்தான் கதையே தொடங்குகிறது. தான் ஒரு சூனியக்காரி, தன் இரட்டைச் சகோதரிக்கு நேர்ந்ததற்கெல்லாம் தானே காரணம் என்று அவள் முழுமையாக நம்புகிறாள். அந்த நம்பிக்கையை அவளுக்குள் வைத்தது யார் என்பது மெல்ல மெல்ல வெளியே வருகிறது. நீ கெட்டவள் என்று சிறு வயதில் சொல்லப்பட்ட ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய புத்தகம். இதைப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், அவர்கள் அலுத்துக்கொண்டாலும் விடுவதில்லை.

வரப்போகும் புத்தகங்களில் எதற்கும் நான் காத்திருக்கவில்லை. ஒன்றைத் தவிர. உங்கள் எழுத்தாளரின் மூன்றாவது நாவல் அறிவிக்கப்பட்டால் அன்றைக்கே முன்பதிவு செய்வேன். விளம்பரம் இல்லாத ஒருவருக்கு அப்படி வரும் ஐம்பது நூறு முன்பதிவுகள் நிஜமாகவே உதவும்.

அதற்கு எனக்குப் பெயர் தெரிய வேண்டும். அந்த இரண்டில் எதை முதலில் படிப்பது, எந்த இடத்தில் நீங்கள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தீர்கள் என்பதையும் சேர்த்து அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அதை முழுதாகப் பிரசுரிக்கிறேன்.

அன்புடன்