வலசைக் குருவிக்குக் கால்வளையம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வலசைக் காலத்தில் பறவைகளைப் பிடித்து, அடையாளத்துக்காகக் காலில் வளையமிடும் முகாமில் உதவியாளராகச் சேரப்போகிறேன். களைத்து வரும் சின்னக் குருவிக்கு உலோக வளையம் பாரமாகாதா? எதில் அதிகக் கவனம் வேண்டும்?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இது பழைய கவலை. டென்மார்க்கில் மார்ட்டென்சன் என்ற பள்ளி ஆசிரியர் 1890இல் துத்தநாக வளையம் போட்டுப் பார்த்தார். அது பறவைக்கு இடைஞ்சலாக இருந்ததால் கைவிட்டு, 1899இல் அலுமினியத்துக்கு மாறினார். இன்று 9 கிராம் கதிர்க்குருவிக்குப் போடும் வளையம் ஏறக்குறைய 0.04 கிராம்தான்.

ஆகவே எடையை விடுங்கள். வளையம் மூடும் விதத்தைப் பாருங்கள். கொறட்டின் துளையில் வளையத்தை வைக்கும்போது அதன் வாய் கொறட்டின் வாய்ப்பக்கம் இருக்கட்டும். ஒருமுறை அழுத்தி மூடி, கொறட்டைக் கால் பங்கு வட்டம் (90 பாகை) திருப்பி மறுபடி மெதுவாக அழுத்துங்கள். இரு முனையும் முட்டி நிற்க வேண்டும். மயிரிழை இடைவெளி இருந்தாலும் நூலும் நாரும் அதில் சிக்கும். ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் ஓரம் தோலை அறுக்கும். அப்படி ஏறிவிட்டால் நகத்தால் நெம்பாதீர்கள், உடனே பயிற்சியாளரைக் கூப்பிடுங்கள். சரியாகப் போட்ட வளையம் காலில் தடையின்றி மேலும் கீழும் நகரும், சுற்றும்.

உண்மையான ஆபத்து வலையில்தான். குருவி எந்தப் பக்கமிருந்து வலையின் மடிக்குள் (பைபோல் தொங்கும் பகுதிக்குள்) விழுந்தது என்று முதலில் பாருங்கள், வந்த வழியேதான் எடுக்க வேண்டும். பெரும்பாலும் கால்களை முதலில் விடுவிப்பது எளிது. இழை நாக்கில் மாட்டியிருக்கலாம்; அதைக் கவனிக்காமல் இழுத்தால் நாக்கு கிழியும். அரை மணிக்கு ஒருமுறையாவது வலையைச் சுற்றி வாருங்கள், வெயில் ஏறினால் இன்னும் அடிக்கடி. மழையிலும் பலத்த காற்றிலும் வலை விரிக்கவே கூடாது.

வலசைக் காலத்துக்கென்று ஒரு சோதனை உண்டு. சில விடியல்களில் பறவைகள் கூட்டமாக வந்திறங்கும். எல்லாவற்றையும் பிடிக்கக் கை துறுதுறுக்கும். பிடித்த பறவைகளை வைத்திருக்கும் துணிப்பைகள் கொக்கியில் சேரத் தொடங்கினால் வலையைச் சுருட்டிவிடுங்கள். தரவு குறைந்தாலும் பரவாயில்லை, ஏனென்றால் அந்தக் குருவிக்கு ஒவ்வொரு நிமிடமும் இரை தேடும் நேரம். கழுத்தடிக் குழியின் இறகை மெல்ல ஊதினால் தோலுக்கடியில் கொழுப்பு தெரியும். மஞ்சளாக நிறைந்திருந்தால் அடுத்த பயணத்துக்குத் தயார். குழி காலியாகச் செந்நிறத் தசை மட்டும் தெரிந்தால் அது பட்டினியோடு இறங்கிய பறவை, அதை முதலில் முடித்தனுப்புங்கள். வாய் திறந்து மூச்சிரைத்தாலோ கண் சொருகினாலோ இறக்கை அளவும் வேண்டாம், எடையும் வேண்டாம், அப்படியே விட்டுவிடுங்கள்.

விடும்போது மேலே எறியாதீர்கள். புதரோரம், நிழலில், தரைக்கு அருகே கையைத் திறந்தால் போதும், தானே போகும்.

முடிந்ததும் சுருட்டிக் கட்டிய வலையோரம் ஒருமுறை நடந்து பாருங்கள். ஒரு மடிப்பு தளர்ந்திருந்தாலும் ஆளில்லாத நேரத்தில் குருவி மாட்டும். தொங்கும் பைகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டு, காலிதானா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.