‘இவரை நீக்கிடலாமா?’: குரூப் அட்மின்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே வரியில்தான் முடிகின்றன: “இவரை குரூப்பிலிருந்து நீக்கிடலாமா?” சேலத்தில் தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப், கோயிலுக்கு ஒன்று, அப்பார்ட்மென்ட்டுக்கு இரண்டு (ஒன்று செயலாளர் தரப்பு, இன்னொன்று அவரைத் திட்டுவதற்கு) என்று ஆகிவிட்டது. நானும் பன்னிரண்டு வருடமாக நாலைந்து குரூப்களை மேய்த்துக்கொண்டிருப்பவன்தான். அதனால் இந்தப் பதில்களில் பெரும்பகுதி பட்டுத் தெரிந்துகொண்டவை.

எங்கள் கொலுசுப் பட்டறைக்காரர்கள் குரூப்பில் 140 பேர் இருக்கிறோம். போன வாரம் ஒருவர் இன்னொருவர் பெயரைப் போட்டு, ‘இவர் சரக்கில் டச் (வெள்ளியின் சுத்த அளவு) குறைகிறது’ என்று எழுதிவிட்டார். அவர் பதிலுக்கு அப்பா, தாத்தா வரை போய்விட்டார். இரண்டு பேரையும் தூக்கினால் இருவரின் சொந்தக்காரர்களும் வெளியே போய்விடுவார்கள். – செவ்வாப்பேட்டை வாசகர்

தூக்காதீர்கள். முதலில் அந்த இரண்டு பதிவுகளையும் அழியுங்கள். மற்றவர் பதிவை அட்மின் அழிக்கும் வசதி 2022-லேயே வந்துவிட்டது. ஆனால் அழித்தது எந்த அட்மின் என்று எல்லோருக்கும் தெரியும்படி அது காட்டும். ஆகவே அழித்த கையோடு போனை எடுங்கள். முதலில் யாருக்கு? குற்றம் சாட்டப்பட்டவருக்கு. 140 பேர் முன்னால் மானம் போனது அவருக்குத்தான். பத்து நிமிடம் அவர் கத்துவார், குறுக்கே பேசாமல் கேளுங்கள். அப்புறம் எழுதியவரைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “டச் பார்த்த சீட்டு கையில் இருக்கா?” இருந்தால் அது அவர்கள் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டிய கணக்கு. இல்லையென்றால் வருத்தம் தெரிவிக்க வேண்டியது அவர் பொறுப்பு. சீட்டில்லாமல் பெயர் போட்டுச் சரக்கைக் குறை சொல்லக் கூடாது என்ற ஒரு விதி போதும் உங்கள் குரூப்புக்கு. அவதூறு என்பது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் வரும் குற்றம் என்பதையும் அவர் காதில் போட்டு வையுங்கள், மிரட்டலாக இல்லாமல்.

அன்று இரவு ஒன்பது மணி முதல் காலை ஏழு வரை ‘அட்மின் மட்டும் எழுதலாம்’ என்று மாற்றி வையுங்கள். தனி ஆளின் வாயை மட்டும் கட்ட வாட்ஸ்அப்பில் வழியில்லை என்பதால், எல்லோரையும் ஒரு இரவு சும்மா இருக்கச் செய்வதுதான் மரியாதையான வழி. அதற்குள் பாதிச் சூடு இறங்கிவிடும்.

நீக்கும் பொத்தான்மேல் எனக்கு ஏன் இவ்வளவு வெறுப்பு என்று கேட்பீர்கள். ஒரு தடவை ராத்திரி பதினொரு மணிக்கு, எங்கள் தெரு குரூப்பில், எரிச்சலில், ஒரு பழைய நண்பரை நீக்கினேன். மூன்றாவது முறையாக அதே ஃபார்வர்டைப் போட்டிருந்தார். மறுநாள் காலை சலூனில் அவர் ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், முகம் முழுக்க நுரை. கண்ணாடியில் என்னைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார். சவரம் முடிந்து போகும் வரை திறக்கவே இல்லை. அந்த வாரத்துக்குள் அவரோடு ஒன்பது பேர் குரூப்பைவிட்டுப் போனார்கள். ஒரு போன் போட்டிருந்தால் முடிந்திருக்கும்.

மழைக்காலம் வந்தால் எங்கள் ஏற்காடு குரூப் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிடுகிறது. ‘ரோடு அடைச்சாச்சு’, ‘பாறை விழுந்துடுச்சு’ என்று வாய்ஸ் மெசேஜாக வந்து குவிகிறது. எதை நம்ப? எல்லாவற்றையும் தடுத்துவிடலாமா? – எஸ்டேட் மேலாளர் ஒருவர்

தடுத்துவிட்டால் உண்மையான செய்தியும் போய்விடும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் நிஜமாகவே மண் சரிந்தது, போக்குவரத்து நின்றது. குப்பனூர் வழியாகத்தான் சுற்றிப் போக வேண்டியிருந்தது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு அந்த குரூப்கள் இல்லையென்றால் கீழே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்கள் பாதி வழியில் மாட்டியிருப்பார்கள்.

உங்கள் கையில் ஒரு நல்ல ஆயுதம் இருக்கிறது: இருபது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் பலகை. ரோடு பற்றி எழுதுகிறவர் மூன்று விஷயம் சொல்லியாக வேண்டும் என்று விதி போடுங்கள். எத்தனையாவது வளைவு, எத்தனை மணிக்கு, நானே பார்த்தேனா அல்லது இன்னொருவர் சொன்னாரா. “ஏழாவது வளைவு, காலை 6.10, நானே பார்த்தேன், டூவீலர் போகுது, பஸ் போகாது” – இது செய்தி. “யாரும் மேலே வராதீங்க, நிலைமை மோசம்” – இது பீதி. வாய்ஸ் மெசேஜுக்கும் இதே கதை. வாயால் சொன்னாலும் அந்த மூன்றும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அட்மின் அழிப்பார் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படங்கள் விஷயத்தில் இன்னும் கவனம். வாட்ஸ்அப்பில் வரும் படத்தை வைத்து எப்போது எடுத்தது என்று சொல்ல முடியாது. ஒரு பாறைப் படம் எனக்கு நான்கு மழைக்காலமாக வந்துகொண்டிருக்கிறது. பாறைக்குப் பக்கத்தில் நிற்கும் நீலக் குடைக்காரருக்கு இந்நேரம் பேரனே பிறந்திருப்பான். மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்த சரக்கு, உங்கள் ஆள் எடுத்ததில்லை. சந்தேகம் இருந்தால் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-ல் போன் செய்து கேட்டுவிட்டு, “1077-ல் கேட்டேன், இப்படிச் சொன்னார்கள்” என்று அட்மினே எழுதுங்கள். மழை நாட்களில் அந்த வரிக்குத்தான் ஊரே காத்திருக்கும்.

காட்டெருமை விஷயம் நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எந்தத் தோட்டத்துப் பக்கம் நிற்கிறது என்ற தகவல் காலையில் காப்பி பறிக்கப் போகும் பெண்களுக்கும், நடந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கும் உயிர் காக்கும் விஷயம். அதே தகவல் லாட்ஜ்காரர்களும் டூரிஸ்ட் வேன் டிரைவர்களும் இருக்கும் பெரிய குரூப்பில் விழுந்தால், அரை மணியில் நாலு பேர் செல்ஃபி எடுக்கப் போய் நிற்பார்கள். ஊர்க்காரர்களுக்குத் தனி குரூப், அதில் மட்டும் இந்தத் தகவல் என்று பிரித்துவிடுங்கள்.

பிள்ளை கடத்தும் கும்பல் என்று ஒரு வீடியோ வந்தது. ‘பொய்யாக இருந்தாலும் ஜாக்கிரதையாக இருப்பது நல்லதுதானே’ என்கிறார்கள். – கொண்டலாம்பட்டி

நல்லதில்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், கோயில் தேடிக் குடும்பத்தோடு காரில் வந்த ஒரு வயதான அம்மா, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் என்பதற்காக அடித்தே கொல்லப்பட்டார். அதற்கு முன் அந்தப் பக்கத்து போன்களில் சுற்றிக்கொண்டிருந்ததும் இதே ‘ஜாக்கிரதை’தான். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று சம்பந்தமில்லாத வீடியோக்கள் பரவியபோது, பயந்துபோன தொழிலாளர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ரயில் ஏறினார்கள். இந்த ரகத்தை மட்டும் விளக்கம் கேட்காமல் அழிக்கலாம். அழித்துவிட்டு, ஏன் அழித்தீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். அழித்துவிட்டுப் பேசாமல் இருந்தால், “எதையோ மறைக்கிறான்” என்ற பேச்சு கிளம்பும்.

குரூப்பில் யாரோ எதையோ போட்டால் அட்மினைப் பிடித்து உள்ளே போடுவார்கள் என்கிறார்களே? – பெயர் வேண்டாம் என்கிறார், சேலம்

அட்மினாக இருந்த ஒரே காரணத்துக்காக இல்லை. 2021-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளையும், 2022-ல் கேரள உயர் நீதிமன்றமும், உறுப்பினர் போட்ட பதிவுக்கு அட்மின் தானாகவே பொறுப்பாளி ஆகிவிட மாட்டார் என்று சொல்லிவிட்டன. நம் ஊர்ப் பக்கமும் உண்டு. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கரூர் வழக்கறிஞர்கள் குரூப் ஒன்றைப் பற்றிய வழக்கில், மனுதாரர் அட்மின் வேலையை மட்டுமே செய்தார் என்று தெரியவந்தால் போலீஸ் தாக்கல் செய்யும் இறுதி அறிக்கையில் அவர் பெயரை விட்டுவிட வேண்டும் என்றது.

ஆனால் ஒரு விஷயம். அந்தத் தீர்ப்புகள் வந்த காலத்தில் அட்மினால் ஆளை நீக்க முடியும், அவர் போட்டதை அழிக்க முடியாது. இப்போது அழிக்கவும் முடியும். ‘என்னால் ஒன்றும் செய்ய முடியாது’ என்ற சாக்கு இனி அவ்வளவு எடுபடாது என்பது என் கணிப்பு. பார்த்ததும் அழியுங்கள். நீங்களே ஃபார்வர்ட் செய்தால் கதையே வேறு. ஒரு பதிவைப் பகிர்வது அதை ஆமோதிப்பதற்குச் சமம் என்று 2018-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

தேர்தல் வந்தால் எங்கள் ஸ்கூல் பழைய மாணவர் குரூப் இரண்டாக உடைகிறது. – ஆத்தூர்

தேர்தல் தேதி அறிவித்த நாளிலிருந்து முடிவு வரும் நாள் வரை அரசியல் கிடையாது என்று இப்போதே, அமைதியான நேரத்தில், ஓட்டெடுப்பு வைத்து முடிவு செய்யுங்கள். சண்டை நடுவில் போடும் விதியை யாரும் மதிப்பதில்லை. சாதிப் பெயர் வந்தால் மட்டும் எந்தக் காலமாக இருந்தாலும் உடனே அழிக்க வேண்டும், அதற்கு ஓட்டெடுப்பு தேவையில்லை.

எங்கள் தையல் குரூப்பில் 60 பெண்கள், துணி வியாபாரிகள் நாலைந்து ஆண்கள். ஒருவர் குரூப்பிலிருந்து நம்பர் எடுத்து, ராத்திரியில் தனித்தனியாக ‘தூங்கலையா’ என்று மெசேஜ் அனுப்புகிறார். மூன்று பேர் என்னிடம் சொன்னார்கள். குரூப்பில் அவர் எதுவும் தப்பாக எழுதவில்லை, அதனால் எப்படி நீக்குவது என்று தயக்கம். – அம்மாபேட்டை சகோதரி

மேலே நீக்காதே நீக்காதே என்று எழுதிய அதே ஆள் சொல்கிறேன்: இவரை இன்றைக்கே நீக்குங்கள். போன் போட்டுப் பேச வேண்டாம், விளக்கம் கேட்க வேண்டாம். அவர் குரூப்பில் ஒழுங்காக எழுதினார் என்பது கணக்கில் வராது. அந்த நம்பர்கள் அவர் கைக்கு வந்ததே உங்கள் குரூப்பால்தான், ஆகவே அதை அவர் எதற்குப் பயன்படுத்துகிறார் என்பதும் உங்கள் குரூப் விஷயம்தான்.

நீக்குவதற்கு முன் அந்த மூன்று பேரிடமும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், தேதியும் நம்பரும் தெரியும்படி. ‘பிளாக் பண்ணியாச்சு’ என்று கோபத்தில் அந்த உரையாடலையே அழித்துவிட்டால் பின்னால் கையில் ஒன்றும் இருக்காது. குரூப்பில் அவர்கள் பெயரைச் சொல்லாதீர்கள். “உறுப்பினர்களுக்குத் தனியாக மெசேஜ் அனுப்பியதற்காக ஒருவர் நீக்கப்பட்டார், வேறு யாருக்கும் வந்திருந்தால் என்னிடம் சொல்லுங்கள்” – இவ்வளவு போதும். இப்படி எழுதினால் மூன்று என்பது எட்டாகும், பாருங்கள். அவர் வேறு நம்பரில் திரும்ப வராமலிருக்க, சேரும் லிங்க்கை ரீசெட் செய்துவிட்டு, புதிதாக வருபவர்களை அட்மின் அனுமதித்தால்தான் சேர முடியும் என்று மாற்றுங்கள். தொடர்ந்து தொல்லை கொடுத்தால் 181 பெண்கள் உதவி எண், இல்லையென்றால் மகளிர் காவல் நிலையம். துணிக்கு வேறு வியாபாரி கிடைப்பார்.

எங்கள் தெருப் பெரியவர் நம்பரிலிருந்து ‘போக்குவரத்து அபராதம்’ என்று ஒரு ஏபிகே ஃபைல் (போனில் ஆப் நிறுவும் ஃபைல்) வந்தது. அவரைக் கேட்டால் தெரியாது என்கிறார். – சூரமங்கலம்

அவருக்கு உண்மையிலேயே தெரியாது. அந்த ஃபைலை அவர் திறந்திருப்பார், இப்போது அவர் போனே அதை எல்லோருக்கும் அனுப்புகிறது. ஃபைலை அழியுங்கள், யாரும் திறக்காதீர்கள் என்று எழுதுங்கள். போன் சரியாகும் வரை அவர் நம்பரை வெளியே வையுங்கள். நீக்குவதற்கு முன் அவர் வீட்டுக்கு நடந்துபோய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வாருங்கள், ஊரார் முன் அவமானப்படுத்திவிட்டார்கள் என்று நினைத்துவிடப் போகிறார். அப்படியே பேங்க்கில் பணம் போயிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் செய்யச் சொல்லுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் திரும்புவது கஷ்டம்.

காலை வணக்கப் படங்களை எப்படி நிறுத்துவது? – அஸ்தம்பட்டி அப்பார்ட்மென்ட்

நிறுத்தாதீர்கள். தண்ணி லாரி, லிஃப்ட், மெயின்டனன்ஸ் எல்லாவற்றுக்கும் அட்மின் மட்டும் எழுதும் அறிவிப்பு குரூப்பைத் தனியாக வைத்துவிடுங்கள். பேச்சு குரூப்பில் பூவும் சூரியனும் வரட்டும். தனியாக இருக்கும் சில பெரியவர்களுக்கு அந்தப் படம்தான் ‘நான் எழுந்துவிட்டேன், நன்றாக இருக்கிறேன்’ என்ற செய்தி. எங்கள் பிளாக்கில் ஒரு நாள் படம் வரவில்லை என்றுதான் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார்கள். தாத்தா பாத்ரூமில் வழுக்கி விழுந்து கிடந்தார்.

ஆறு வருடமாக நான் ஒருவனே அட்மின். ராத்திரி 12 மணிக்கும் போன் வருகிறது. விட்டுவிட்டு வெளியேறிவிடலாமா? – கிச்சிப்பாளையம்

சொல்லாமல் வெளியேறாதீர்கள். ஒரே அட்மின் போய்விட்டால் வாட்ஸ்அப் தானாகவே யாரையாவது அட்மின் ஆக்கிவிடும். எனக்குத் தெரிந்த ஒரு குரூப்பில் அந்தப் பதவி, குரூப்பையே மியூட்டில் போட்டிருந்த ஒரு காலேஜ் பையன் தலையில் விழுந்தது. மூன்று வாரம் கழித்துத்தான் அவனுக்கே தெரியும்.

இன்னும் மூன்று பேரைச் சேருங்கள். நைட் ஷிஃப்ட் பார்க்கிறவர் ஒருவர், ஒரு பெண், உங்களோடு அடிக்கடி முரண்படுகிறவர் ஒருவர். கடைசி ஆளைச் சேர்க்க மனசு வராதுதான், ஆனால் அவர் அட்மின் ஆன நாளிலிருந்து ‘நீ ஒருதலைப்பட்சம்’ என்ற பேச்சு பாதி குறையும். யாரை ஏன் நீக்கினீர்கள், யாரிடம் பேசி வைத்திருக்கிறீர்கள் என்பதை நால்வருக்கு மட்டுமான தனி குரூப்பில் எழுதி வையுங்கள். ராத்திரி பத்துக்கு மேல் நைட் ஷிஃப்ட்காரர் பொறுப்பு என்று எல்லோருக்கும் அறிவித்துவிட்டு, போனை ஹாலில் சார்ஜில் போட்டுவிட்டுப் போய்ப் படுங்கள்.