லேப்ல எல்லாரும் ஒண்ணா சாப்பிடறாங்க, நான் மட்டும் தனியா: கொரியால இருந்து ஒரு வாசகியோட கடிதம்

வணக்கம் மேடம்,

எனக்கு 25 வயசு, சொந்த ஊர் ஈரோடு பக்கம். கொரியால தேஜோன் சிட்டில பிஎச்டி பண்றேன், வந்து ஒரு வருஷம் ஆகப்போகுது. படிப்புல எந்தப் பிரச்சனையும் இல்ல, ப்ரொஃபசரும் நல்லவர், ஸ்டைபெண்ட் கரெக்டா வந்துடுது. பிரச்சனை எல்லாம் சாப்பாடும் ராத்திரியும்தான்.

நான் கோழி, மீன், முட்டை எல்லாம் சாப்பிடுவேன். பீஃபும் போர்க்கும் எங்க வீட்ல பழக்கமில்ல, ட்ரை பண்ணியும் எனக்கு இறங்கல. இங்க பன்னிக்கறிதான் எல்லாத்துலயும். சூப்புனு குடுத்தா ஒண்ணு மாட்டெலும்பு, இல்லன்னா காஞ்ச நெத்திலி கொதிக்க வெச்ச தண்ணி, கருவாடு நல்லா சாப்பிடற எனக்கே அந்த வாசனை காலங்காத்தால குமட்டுது. "நீ வெஜிடேரியனா"ன்னு கேக்கறாங்க, இல்லங்கறேன், "அப்புறம் ஏன் இத சாப்பிடல"ன்னு கேக்கறாங்க, திரும்பத் திரும்ப எவ்ளோதான் சொல்றது. லேப்ல எல்லாரும் பதினொன்றரைக்கே ஒண்ணா கேன்டீனுக்கு கிளம்பிடுவாங்க, முதல்ல நானும் போனேன், அப்புறம் "வேலை இருக்கு"ன்னு சொல்லி சொல்லி இப்ப என் சீட்லயே உக்காந்து கடைல வாங்கின டூனா கிம்பாப்பும் (கடல்பாசித் தாள்ல சாதம் சுருட்டினது) பனானா மில்க்கும்தான் மதியச் சாப்பாடு.

அடுத்தது ஹ்வேசிக். மாசத்துல ஒண்ணு ரெண்டு வெள்ளிக்கிழமை லேப் மொத்தமும் டின்னர் போவாங்க, அது சம்கியப்சல் கடை, டேபிள்லயே பன்னிக்கறிய சுட்டு சாப்பிடறது, கூட சோஜுங்கற கொரிய சாராயம். நான் சாதம், லெட்யூஸ் இலை, முட்டைனு ஒப்பேத்துவேன். குடிக்கறவங்கள நான் தப்பா நினைக்கல, எனக்கு வேண்டாம், அவ்ளோதான். ஆனா ஒரு சீனியர் கிளாஸ கையில திணிச்சு "ஒன் ஷாட், ஒன் ஷாட்"னு எல்லாரையும் கத்த வெச்சாரு, எனக்கு அழுகையே வந்துடுச்சு. அதுல இருந்து தலைவலி, எக்ஸ்பெரிமெண்ட்னு ஏதாவது சொல்லி கழண்டுக்கறேன். ஒரு தடவை மட்டும் கடைசில நொரேபாங் (ரூம் எடுத்து கரோக்கி பாடற இடம்) போனாங்க, அங்க யூட்யூப்ல கரோக்கி போட்டு ஒரு தமிழ்ப் பாட்டு பாடினேன், எல்லாரும் கை தட்டினாங்க, அன்னிக்கு நல்லா இருந்துச்சு. இப்பல்லாம் என்னைக் கூப்பிடறதே இல்ல. எந்த மெஷின் எப்ப ஃப்ரீ, யாரு பேப்பர் அனுப்பறாங்க எல்லாமே அந்த டேபிள்லதான் பேசிக்கறாங்க, எனக்கு மட்டும் லேட்டா தெரியுது. இங்க இருக்கற நம்ம பசங்க க்ரூப்லயும் வீக்கெண்ட்னா பப், க்ளப்னுதான் ப்ளான்.

அப்பா தறில இருந்து வீட்டுக்கு வர ஒன்பதரை ஆகும், அப்ப இங்க நடுராத்திரி ஒரு மணி. பேசி முடிச்சா தூக்கம் வராது, கீழ இருக்கற 24 மணி நேரக் கடை வாசல் டேபிள்ல போய் உக்காந்துப்பேன். பயம் இல்ல, இங்க ராத்திரி எவ்ளோ நேரமானாலும் நடக்கலாம். ஆனா கும்பல் கும்பலா சிரிச்சுட்டு போறத பாக்க முடியல. அம்மா "என்ன சாப்ட்ட சாமி"ன்னு கேட்டா சாதம், குழம்புன்னு சொல்லிடறேன். சுடிதார் எல்லாம் லூசாயிடுச்சு, முடி கொட்டுது, பீரியட்ஸும் தள்ளித் தள்ளி வருது. ஒரு கிளாஸ் குடிச்சுட்டா எல்லாம் சரியாயிடுமா மேடம்? நான்தான் மாறணுமா? இல்ல விட்டுட்டு ஊருக்கே வந்துடட்டுமா?

- பெயர் வேண்டாம்

ஆலோசகர் பதில்:

வணக்கம்மா. குடிக்கவும் வேண்டாம், மாட்டிறைச்சி பன்னிக்கறி சாப்பிடவும் வேண்டாம். அத முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா நீங்க ஒரு கிளாஸ் குடிச்சாலும் இந்தத் தனிமை போகாது, அடுத்த வெள்ளிக்கிழமை ரெண்டாவது கிளாஸ் வரும், அவ்ளோதான்.

உங்க கடிதத்துல என்னைக் கவலைப்பட வெச்சது சோஜு இல்ல, மதியச் சாப்பாடு. கொரியால ஒரு லேப்ல யாரு நம்ம ஆளுங்கறது மீட்டிங்ல முடிவாகறதில்ல, தினமும் பதினொன்றரைக்கு ஒண்ணா எந்திரிச்சுப் போய் தட்டு தூக்கிட்டு வரிசைல நிக்கறாங்க பாருங்க, அங்கதான். அத நீங்க விட்டுட்டீங்க, சாப்பாடு பிடிக்காம விட்டது நியாயம்தான், ஆனா அத விட்டதும் அவங்கள பாக்கறதுக்கு மிச்சம் இருக்கறது வெள்ளிக்கிழமை ராத்திரி மட்டும்தான், உங்களுக்கு ஒத்தே வராத அந்த ஒரு இடத்துலயே மொத்த உறவையும் காப்பாத்திக்க வேண்டியதாயிடுச்சு. அந்த பாரத்த ஒரு ராத்திரி தாங்காதும்மா. அதனால நாளைக்கே மதியம் அவங்களோட எந்திரிச்சுப் போங்க. கேன்டீன் சூப்பு தட்டுல அப்படியே இருக்கட்டும், சாதம், கிம் (கடல்பாசித் தாள்), முட்டை, பிடிச்ச பஞ்சான் (தொட்டுக்க வெக்கற சின்னச் சின்ன ஐட்டம்) மட்டும் எடுத்துக்கோங்க, உங்க டப்பாவையும் கையோட கொண்டு போங்க. சூப்ப ஏன் தொடலன்னு ஒரு வாரம் கேப்பாங்க, அப்புறம் பழகிடும்.

ஹ்வேசிக் பத்தி. குடிக்க மாட்டேங்கறத கிளாஸ் கைக்கு வந்தப்புறம் சொல்லாதீங்க, எல்லாரும் பாத்துட்டு இருக்கற இடத்துல சொன்னா அது மறுப்பா தெரியும், அந்த சீனியருக்கும் கௌரவப் பிரச்சனையாயிடும். பகல்லயே, லேப்ல உங்ககூட கொஞ்சம் நல்லா பேசற ஒருத்தர்கிட்ட, "சுல் மொன் மஷ்யோயோ (என்னால குடிக்க முடியாது), எனக்கு ஒத்துக்காது, ஆனா டின்னருக்கு வரணும்னு ஆசையா இருக்கு"ன்னு சொல்லி வைங்க, அவங்களே மத்தவங்களுக்கு சொல்லிடுவாங்க. அங்க ஒரு வழக்கம் உண்டு, கிளாஸ் காலியானாதான் திரும்ப ஊத்துவாங்க. உங்க கிளாஸ்ல ஆரம்பத்துலயே சைடர் ஊத்தி நிறைச்சு வெச்சுக்கோங்க (நம்ம ஊரு ஸ்ப்ரைட் மாதிரிதான் அது, ஆல்கஹால் கிடையாது), நிறைஞ்சிருக்கற கிளாஸ யாரும் தொட மாட்டாங்க. பெரியவங்க கிளாஸ் காலியானா நீங்க பாட்டில ரெண்டு கையால புடிச்சு ஊத்துங்க, சியர்ஸ் சொல்றப்ப நீங்களும் தூக்குங்க. இதுல உங்க கொள்கை எதுவும் போகல, அவங்களுக்கும் நீங்க டேபிள்ல இருக்கீங்கன்னு ஆயிடுது.

கோழி சாப்பிடுவீங்கன்னு எழுதியிருக்கீங்களே, அத ஏன் அவங்ககிட்ட ஒரு தடவை கூட சொல்லல? அடுத்த டின்னருக்கு தக்கல்பி போலாமான்னு நீங்களே கேளுங்க. பெரிய தட்டுல கோழியும் முட்டைக்கோஸும் காரமா டேபிள்லயே வறுத்து, கடைசில அதே தட்டுல சாதம் போட்டு பெரட்டித் தருவாங்க, உங்க ஊர் நாக்குக்கு கண்டிப்பா பிடிக்கும். ஜிம்தக்கும் கோழிதான். கடை தேடற வேலைய ஜூனியர் எடுத்துக்கிட்டா சீனியர்களுக்கு சந்தோஷம்தான்.

டின்னர் முடிஞ்சதும் கிளம்பிடுங்க. அந்த முதல் ரவுண்ட இல்ச்சாங்கறாங்க, அதோட கிளம்பறது சகஜம். தேஜோன்ல இருக்கறது ஒரே மெட்ரோ லைன், அதுவும் நடுராத்திரியோட நின்னுடும், கடைசி ட்ரெயின் புடிக்கணும்னு எந்திரிக்கறவங்கள யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. ஆனா நொரேபாங் போறாங்கன்னா போங்க. முழு கடிதத்துல நீங்க "நல்லா இருந்துச்சு"ன்னு எழுதினது அந்த ஒரு இடத்துலதான், நான் ரெண்டு தடவை படிச்சேன். காலேஜ் ஏரியா எல்லாத்துலயும் காயின் நொரேபாங் இருக்கும், ஆயிரம் வோனுக்கு ரெண்டு மூணு பாட்டு, அங்க குடி கிடையாது, பகல்லயும் போலாம். லேப்ல ஒரு பொண்ண கூட்டிட்டு சாயங்காலம் சாப்பிட்டதும் அரை மணி நேரம் போய்ட்டு வாங்க. வெளிநாட்டுல ராத்திரின்னா பப், க்ளப் மட்டும்தான்னு நம்ம பசங்க க்ரூப்பே நினைச்சுக்கிட்டா அது அவங்க இஷ்டம்.

இவ்வளவு சொல்லியும் அந்த சீனியர் திரும்பவும் கையில திணிச்சாருன்னா அத கலாச்சாரம்னு நினைச்சு பொறுத்துக்காதீங்க. 2019 ஜூலைல இருந்து அங்க தொழிலாளர் சட்டத்துல வேலை செய்யற இடத்துக் கொடுமைக்கு எதிரா பிரிவே இருக்கு, குடிக்கச் சொல்லி கட்டாயப்படுத்தறதயும் அதுல ஒண்ணா பாக்கறாங்க. ஸ்டூடண்ட்டுக்கு அந்தச் சட்டம் நேரடியா பொருந்துமாங்கறது வேற கேள்வி, ஆனா யூனிவர்சிட்டியில இதுக்குன்னு மனித உரிமை மையம் இருக்கும், நீங்க அங்க போலாம்.

வீட்டுச் சாப்பாட்டுக்கு வரேன். உங்க ஹாஸ்டல்ல பொது கிச்சன் இருக்கான்னு விசாரிங்க, ரூம்ல சமைக்க விட மாட்டாங்க பல இடத்துல. துவரம்பருப்பு, சீரகம், மஞ்சத்தூள் எல்லாம் சியோல்ல இத்தேவன் பக்கத்து இந்தியக் கடைகள்ல இருந்து கூரியர்ல வரும். பருப்ப அரை மணி நேரம் ஊற வெச்சு, அந்த ஊரு அரிசியையே போட்டு, வெங்காயம், தக்காளி, பூண்டு, சோங்யாங் மிளகாய் (அந்த ஊரு காரமான பச்சை மிளகாய்) ரெண்டு கிள்ளிப் போட்டு குக்கர்ல வெச்சீங்கன்னா அரிசியும் பருப்பும் சாதம் ரெடி, ஈரோட்டுப் பொண்ணுக்கு நான் சொல்லித் தரணுமா. ஒட்டற அரிசின்னு திட்டாதீங்க, மசிச்ச தயிர் சாதத்துக்கு அதவிட நல்ல அரிசி இல்ல, சர்க்கரை போடாத ப்ளெயின் யோகர்ட்டானு மட்டும் பாத்து வாங்குங்க. ஹாஸ்டல் கான்ட்ராக்ட் முடிஞ்சதும் அடுப்போட இருக்கற ஒன் ரூமுக்கு மாற முடியுமான்னும் கணக்கு போட்டுப் பாருங்க, அட்வான்ஸ் கொஞ்சம் அதிகமா கேப்பாங்க.

ஃபோன் நேரத்த மாத்தியே ஆகணும். நீங்க காலைல ஒன்பதரைக்கு லேப்புக்கு நடக்கறப்ப ஊர்ல ஆறு மணி, அம்மா வாசத் தெளிச்சு முடிச்சிருப்பாங்க, அப்பாவும் தறிக்கு கிளம்பியிருக்க மாட்டார், அப்ப பேசுங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் ராத்திரி பேசிக்கலாம். அம்மாகிட்ட குழம்பு வெச்சேன்னு சொல்றத நிறுத்திடுங்க, "இன்னிக்கு கிம்பாப்தான்மா, பிடிக்கல"ன்னே சொல்லுங்க. கேட்டுட்டு அவங்க ரெண்டு நாள் வருத்தப்படுவாங்க, அப்புறம் பருப்புப் பொடி பார்சல் அனுப்புவாங்க, உங்களுக்கும் நடிக்கற வேலை மிச்சம்.

ஊருக்கு வரதா வேண்டாமாங்கற முடிவ இப்ப எடுக்காதீங்க, சரியா தூங்காம சாப்பிடாம இருக்கற உடம்போட எடுக்கற முடிவு அது. முதல்ல இந்த வாரமே ஒரு ஹாஸ்பிடல் போங்க. எடை குறையறது, முடி கொட்டறது, பீரியட்ஸ் தள்ளறது மூணும் சேர்ந்து வந்திருக்கு, ரத்தத்துல ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, தைராய்டு பாக்கணும். 2021 மார்ச்ல இருந்து வெளிநாட்டு ஸ்டூடண்ட்ஸ் எல்லாருக்கும் அங்க தேசிய ஹெல்த் இன்சூரன்ஸ் கட்டாயம், மாசாமாசம் நீங்க பணம் கட்டிட்டுதான் இருப்பீங்க, அத பயன்படுத்துங்க. தூக்கம் வராததும் அழுகையும் இன்னும் ரெண்டு வாரத்துக்கு இப்படியே இருந்தா கேம்பஸ் கவுன்சலிங் சென்டர்ல இங்கிலீஷ்ல பேசறவங்க இருக்காங்களான்னு கேட்டு அப்பாயின்ட்மென்ட் வாங்கிடுங்க. ரிசல்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கம்மா.