தமிழ்நாட்டுக் காவலர்களுக்குச் சங்கம் வைக்கும் உரிமை ஏன் இல்லை? கொடுத்தால் ஆபத்தா?

ஆசிரியருக்கும் மின்வாரிய ஊழியருக்கும் இருக்கும் சங்கம் காவலருக்கு மட்டும் ஏன் இல்லை என்றும், கொடுத்தால் ஒருநாள் அனைவரும் வேலைநிறுத்தத்தில் இறங்கி ஊரைக் கைவிட்டுவிட மாட்டார்களா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதன் இரண்டு பக்கங்களையும் ஒரே வீட்டில் பார்த்து வளர்ந்தவன் நான். அப்பா இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து சிறப்பு சார்பு ஆய்வாளராக ஓய்வு பெற்றார். அம்மா அரசுப் பள்ளி ஆசிரியை.

அம்மாவின் ஆண்டு ஊதிய உயர்வை ஒருமுறை தவறாகக் கணக்கிட்டுவிட்டார்கள். சங்கத்தின் வட்டாரச் செயலாளர் அலுவலகத்துக்கு இரண்டு முறை போய்வந்தார், அடுத்த மாதச் சம்பளத்தில் அது சரியாகிவிட்டது. அப்பா தம் தங்கையின் திருமணத்துக்கு மூன்று நாள் விடுப்புக் கேட்டார், கிடைக்கவில்லை. மனு எழுதினார், மறு மாதம் வேறு நிலையத்துக்கு மாற்றப்பட்டார். இரண்டுக்கும் தொடர்பில்லை என்றே சொன்னார்கள். எங்கள் வீட்டில் பால் கணக்கு எழுதும் தினசரி நாள்காட்டி ஒன்று உண்டு. அப்பா இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்த நாள்களை அம்மா அதிலேயே ஒரு சிறு வட்டத்தால் குறித்துவைப்பார். தேர்தல் நடந்த ஒரு மே மாதத் தாள்களில் நான்கே வட்டங்கள் இருந்தன.

உரிமை ஏன் இல்லை என்பதற்குச் சட்டத்தின் பதில் எளியது. சங்கம் அமைக்கும் உரிமையை அரசமைப்பின் 19ஆம் உறுப்பு எல்லாக் குடிமக்களுக்கும் தருகிறது; ஆயுதப் படையினருக்கும் பொது ஒழுங்கைக் காக்கும் படையினருக்கும் அதை எந்த அளவுக்குக் குறைக்கலாம் என்று முடிவு செய்யும் அதிகாரத்தை 33ஆம் உறுப்பு நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. அந்த அதிகாரத்தின் கீழ் வந்ததுதான் 1966ஆம் ஆண்டின் காவல் படைகள் (உரிமைக் கட்டுப்பாடு) சட்டம். அதை மீறித் தொழிற்சங்கத்தில் சேரும் காவலருக்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஆனால் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் சொற்கள் அந்தச் சட்டத்திலேயே இருக்கின்றன: ஒன்றிய அரசின் அல்லது அதற்கென வகுக்கப்பட்ட அதிகாரியின் ‘வெளிப்படையான அனுமதி இன்றி’ என்பவை. சட்டம் சங்கத்தை முற்றாக ஒழிக்கவில்லை, அனுமதிக்குள் வைத்திருக்கிறது. அந்த அனுமதியோடுதான் கேரளத்தில் காவலர் சங்கம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தேர்தல் நடத்தி, பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுத்து, மாநாடு கூட்டி இயங்கிவருகிறது. செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுக்குள் நுழைந்தால் காக்கிச் சட்டைக்குச் சங்கம் உண்டு. இந்தப் பக்கம் இல்லை. நாட்டுக்கே பொதுவான ஒரு சட்டம் இரண்டு மாநிலங்களில் இரண்டு விதமாக நடப்பதற்கு அரசுகளின் விருப்பத்தைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அனுமதி தந்து பின்னர் பறித்த கதையும் உண்டு. தில்லிக் காவல்துறையின் கீழ்நிலை ஊழியர் சங்கம் 1966 டிசம்பரில் அரசின் ஏற்பு (அங்கீகாரம்) பெற்றது. 1967 ஏப்ரலில் காவலர்கள் கிளர்ச்சியில் இறங்கினார்கள். பின்னர் ஏற்பு திரும்பப் பெறப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, கட்டுப்பாடுகள் செல்லும் என்று 1986இல் தீர்ப்பானது. 1973இல் உத்தரப் பிரதேசத்தின் ஆயுதக் காவல் படை கலகம் செய்து இராணுவத்தை அழைக்க வேண்டிவந்ததையும், 1979இல் பஞ்சாபில் தொடங்கிய காவலர் போராட்டம் பல மாநிலங்களுக்குப் பரவியதையும் அரசுகள் இன்றும் மறக்கவில்லை. அந்த அச்சத்தை நான் அற்பமென்று தள்ளமாட்டேன். ஆயினும், குறையைச் சொல்ல முறையான வாய் இல்லாத இடத்தில்தான் அது கலகமாக வெடித்தது என்றும் அதே நிகழ்ச்சிகளைப் படிக்கலாம்.

இங்கே நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புவது, சங்கம் வேறு, வேலைநிறுத்தம் வேறு என்பதுதான். 2003 ஜூலையில் தமிழ்நாட்டு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது, ஏறத்தாழ 1,70,000 பேரை அரசு பணிநீக்கம் செய்தது. வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு உரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆகஸ்டிலேயே கூறிவிட்டது. அதற்காக ஆசிரியர் சங்கங்கள் கலைந்துபோகவில்லை. இன்றும் கோரிக்கை வைத்துப் பேச்சுவார்த்தைக்குப் போகின்றன. அந்தப் போராட்டத்தின்போது பாளையங்கோட்டையில் ஓர் ஊர்வலம் நடந்தது. அம்மா கொடி பிடித்த வரிசையில் நடந்தார். அப்பா பந்தோபஸ்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சாலையோரம் நின்றார். இரவு வீடு திரும்பி, பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, ‘ஒங்க சங்கத்துக்கு வருசத்துக்கு எவ்வளவு சந்தா கட்டுதீய?’ என்று கேட்டார். அம்மா தொகையைச் சொன்னார். அப்பா அதற்குமேல் எதுவும் பேசவில்லை.

வேலைநிறுத்த உரிமை இல்லாமலே கூட்டுப் பேரம், அதாவது எல்லோர் சார்பிலும் சங்கமே பேசி ஒப்பந்தம் செய்வது, நடத்த முடியும் என்பதற்குப் பிரிட்டனும் கனடாவும் சான்று. 1918இலும் 1919இலும் இங்கிலாந்தில் காவலர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1919இல் வந்த சட்டம் அவர்களுடைய தொழிற்சங்கத்தைத் தடை செய்த கையோடு, ஊதியத்தையும் பணிநிலையையும் பற்றிப் பேசக் காவலர் கூட்டமைப்பு ஒன்றையும் உருவாக்கியது. மூன்றாண்டுகள் கழித்து, 1922இல், காவலரிடையே அதிருப்தியைத் தூண்டுவதைக் குற்றமாக்கும் சட்டம் இந்தியாவுக்கு வந்தது, கூட்டமைப்பு வரவில்லை. தடை கப்பலேறியது, வாய்ப்பு அங்கேயே நின்றுவிட்டது. கனடாவின் கூட்டரசுக் காவல்துறையினருக்குக் கூட்டுப் பேர உரிமையை மறுத்தது செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. 2019இல் அவர்களுடைய சங்கம் ஏற்பு பெற்றது. 2021இல் முதல் கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. அவர்களுக்கும் வேலைநிறுத்த உரிமை கிடையாது. பேச்சு முறிந்தால் நடுவர் சொல்வது இரு தரப்பையும் கட்டுப்படுத்தும்.

எதிர்வாதங்களில் மிக வலுவானது வேலைநிறுத்தம் அன்று. சங்கம் குற்றவாளிகளுக்குக் கேடயமாகிவிடும் என்பதுதான். அமெரிக்க நகரங்கள் பலவற்றில் காவலர் சங்கங்கள் ஒழுங்கு நடவடிக்கையையும் பேரத்துக்குள் கொண்டுவந்து, தவறு செய்தவரைத் தண்டிப்பதையே கடினமாக்கிவிட்டன. ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் காவலர் ஒருவரால் கொல்லப்பட்டதை அடுத்து 2020 ஜூனில் மினியாபொலிஸ் காவல்துறைத் தலைவர் அந்நகரச் சங்கத்துடனான ஒப்பந்தப் பேச்சிலிருந்தே விலகினார். அதே மாதம் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தார்கள். அந்த ஊர் எங்களுக்குத் தொலைவில் இல்லை. சங்கம் என்று ஒன்று அப்போது இருந்து, அது குற்றம் சாட்டப்பட்டவர்கள் பக்கம் நின்றிருந்தால், அதைக் கலைக்கச் சொல்லும் முதல் ஆளாக நான் இருந்திருப்பேன். ஆகவே எல்லையைத் தொடக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்: பணிநேரம், விடுப்பு, ஊதியம், குடியிருப்பு, இடமாற்ற விதிகள் ஆகியவை பேரத்துக்குள் வரட்டும், காவல் மரணம், சித்திரவதை, இலஞ்சம் பற்றிய விசாரணை ஒருபோதும் வரக்கூடாது. கட்சிக்கொடி உள்ளே நுழைவதையும் இதே கண்டிப்போடு தடுக்க வேண்டும். கேரளத்தில் அந்தக் குற்றச்சாட்டு அவ்வப்போது எழுவதை மறைக்க வேண்டியதில்லை.

ஐ.பி.எஸ். அதிகாரிகளுக்குச் சங்கம் இருக்கிறது. தம்மில் ஒருவருக்கு இழுக்கு நேர்ந்ததாக நினைத்தால் அது அறிக்கை வெளியிடுகிறது. அதனால் ஒழுங்கு குலைந்ததாக எவரும் சொல்வதில்லை. காவலருக்கு இருப்பதோ குறைதீர்க்கும் முகாம். அங்கே அவர் தனியாளாக, தம் மேலதிகாரியின் முன்னால் விறைப்பாக நின்று, தம்முடைய குறையை மட்டும் சொல்லலாம். பத்துப் பேருக்கு ஒரே குறை இருந்தாலும் பத்துப் பேரும் தனித்தனியாகத்தான் நிற்க வேண்டும். ஒரே தாளில் கையெழுத்திட்டால் அது குழு சேர்ப்பதாகிவிடும்.

2021இல் தமிழக அரசு காவலர்களுக்கு வார ஓய்வு அறிவித்தது. நல்ல ஆணை, அப்பா ஓய்வு பெற்ற பிறகு வந்தது என்றாலும் செய்தித்தாளில் அந்தப் பத்தியை இரண்டு முறை படித்தார். ஆனால் திருவிழாவும் தேர்தலும் தலைவர்களின் வருகையும் சேர்ந்து வரும் மாதத்தில் அந்த ஓய்வு ரத்தாகும்போது, அதற்கு ஈடாக எந்த நாள் தரப்படும் என்று காவலர்கள் அனைவரின் பெயரிலும் கேட்டு ஒரு கடிதம் எழுத யாரும் இல்லை. நான் கேட்கும் சங்கத்தின் முதல் வேலை அந்தக் கடிதத்தை எழுதுவதுதான்.